பெட்டியின் பலத்தை முடிவு செய்தவர்கள் யார்?



பள்ளியில் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று ஒரு தந்தையார் என்னைத் தேடி வந்தார். நம் உலு திராம் வட்டாரத்துப் பெற்றோர் பலரைப் போலவே அவரும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பாலம் கடந்து, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பகுதியில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புபவர். மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. 2018-ஆம் ஆண்டில் மகனுக்காகத் தவணை முறையில் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கியிருந்தாராம். தவணை கட்டி முடித்துச் சில ஆண்டுகள்தாம் ஆகின்றன.

“சார், பெட்டி இன்னும் நல்லாத்தான் ஓடுது. ஆனா புது விளையாட்டெல்லாம் இதுல வராதாம். வேற பெட்டி வேணுமாம். இதை யாரு சார் முடிவு பண்றது?”

‘பெட்டியைச் செய்யும் நிறுவனந்தான்’ என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் சொல்லவில்லை. ஏனெனில் அது பாதி விடைதான். மீதிப் பாதியை அன்று ஐந்து நிமிடத்தில் விளக்க இயலவில்லை. அதனால் இந்த இடுகை.

முதலில் நமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, இளமையில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பல்லாண்டு பணியாற்றியவர் இரா. முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுபவர். ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்ட தட்டச்சுப் பொறியில் 247 எழுத்துகளுக்கு ஏது இடம்? எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தார். எவை தனி விசை பெற வேண்டும், எவை இரண்டு தட்டலில் உருவாக வேண்டும் என்று வகுத்தார். ‘வி’ போன்ற எழுத்துகளில் மேற்குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் விழ வேண்டுமே! அதற்காகத் தட்டினாலும் தாள் நகராத ‘நகரா விசை’யை அமைத்தார். ஜெர்மனியில் செய்யப்பட்ட பொறிகளில் அவருடைய விசைப்பலகை இடம் பெற்றது. பொறி செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை அறிந்தவர் இன்னது வேண்டும் என்று சொல்ல, பொறி அதற்கேற்ப மாறியது.

விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றிலும் இதே கதைதான், மிகப் பெரிய பணத்தோடு நடந்திருக்கிறது. அங்கே முத்தையாவின் இடத்தில் இருப்பவர்கள் ‘கேம் எஞ்சின்’ எழுதும் நிறுவனத்தார்.

எஞ்சின் என்றால் என்ன? ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒளி எப்படி விழ வேண்டும், எறிந்த பந்து எப்படித் துள்ள வேண்டும், ஒலி எங்கிருந்து கேட்க வேண்டும் என்பவற்றையெல்லாம் புதிதாக எழுதிக் கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆகவே அவற்றை ஒரே அடித்தளமாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்மேல் பல விளையாட்டுகளைக் கட்டுகிறார்கள். சில நிறுவனங்கள் அந்த அடித்தளத்தையே பிறருக்கு உரிமம் வழங்கிப் பொருளீட்டுகின்றன. (தமிழில் ‘விளையாட்டுப் பொறி’ எனலாம். பொறி என்றதும் என் மாணவர்களுக்கு எலிப்பொறிதான் நினைவுக்கு வருகிறது. எஞ்சின் என்றே எழுதிவிடுகிறேன்.) ஒரே எஞ்சின்மேல் நூறு விளையாட்டுகள் எழும்போது, அதை எழுதியவர் பெட்டி செய்பவரிடம் ஒன்றைக் கேட்டால் அது ஒரு தனி மனிதரின் கோரிக்கையாக இருப்பதில்லை. நூறு விளையாட்டுகளின் கோரிக்கையாகிவிடுகிறது.

1996-ஆம் ஆண்டு ஐடி சாப்ட்வேர் நிறுவனம் ‘குவேக்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் எஞ்சினை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜான் கார்மாக். மறு ஆண்டு, முப்பரிமாணப் படங்களை வரைவதற்கென்றே தனிச் சில்லு உள்ள அட்டைகளில் ஓடும் வடிவம் வந்தது. அதுவரை அந்த அட்டைகளை வாங்கப் பெரிய காரணம் இருந்ததில்லை. 3டிஎஃப்எக்ஸ் என்ற அட்டை நிறுவனம், குவேக் ஓடுவதற்குத் தேவையான கட்டளைகளை மட்டும் கொண்ட ஒரு சிறிய இயக்கு நிரலையே எழுதித் தந்தது! ஒரு விளையாட்டுக்காக வன்பொருள் நிறுவனம் தன் வேலையை மாற்றிக்கொண்டது. இது கணினி உலகில். பெட்டிகளின் உலகில் இதைவிடப் பெரியதொன்று 2005-க்குச் சற்று முன்பு நிகழ்ந்தது.

அப்போது மைக்ரோசாப்ட் தன் இரண்டாவது பெட்டியாகிய எக்ஸ்பாக்ஸ் 360-ஐ உருவாக்கிக் கொண்டிருந்தது. முதற்பெட்டியில் இருந்த நினைவகம் 64 மெகாபைட். புதியதில் 256 மெகாபைட் என்று திட்டமிட்டிருந்தார்கள். நான்கு மடங்கு! போதாதா?

இங்கே நினைவகம் என்பதை வகுப்பறை வழியாக விளக்குகிறேன். குறுந்தட்டு என்பது சுவரோரத்துப் புத்தக அலமாரி. நினைவகம் என்பது மாணவனின் மேசை. அலமாரியில் ஆயிரம் புத்தகங்கள் இருக்கலாம். ஆனால் மேசைமேல் விரித்து வைத்ததைத்தான் உடனே படிக்க முடியும். மேசை சிறியதானால் ஒன்றை மூடிவைத்துவிட்டுத்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரனின் கவசத்தின்மேல் போர்த்தும் படம், நீளத்தில் 2048 புள்ளி, அகலத்தில் 2048 புள்ளி என்று கொள்வோம். புள்ளிக்கு 4 பைட் என்றால் 16 மெகாபைட். நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 4 மெகாபைட். நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று மூன்று போர்வை வைத்தால் ஒரே வீரனுக்கு 12 மெகாபைட். இவனைப் போல் பலர், அவர்கள் நிற்கும் தெரு, இடிந்த கட்டடம், ஒலி, பெட்டியின் சொந்தத் தேவைகள்... எல்லாம் அந்த ஒரே மேசையில்தான். 256 என்பது நாம் நினைப்பதைவிட மிக விரைவில் நிரம்பிவிடும்.

இதை முன்னதாகவே உணர்ந்தவர்கள் அமெரிக்காவின் வட கரோலினாவில், கேரி என்னும் ஊரில் இருந்த எபிக் கேம்ஸ் நிறுவனத்தார். 1991-இல் டிம் சுவீனி தொடங்கிய நிறுவனம் அது. 1998-இல் வெளிவந்த ‘அன்ரியல்’ விளையாட்டின் அடித்தளமே பின்னர் அன்ரியல் எஞ்சின் என்ற பெயரில் பலருக்கும் வழங்கப்பட்டது. அதன் மூன்றாம் தலைமுறையை உருவாக்கியபடியே, மைக்ரோசாப்டுக்காக ‘கியர்ஸ் ஆஃப் வார்’ என்ற விளையாட்டையும் அவர்கள் செய்து கொண்டிருந்தார்கள். 512 மெகாபைட் வேண்டும் என்று கேட்டார்கள். வெறும் சொல்லால் கேட்கவில்லை. 512 இருந்தால் அந்த விளையாட்டு எப்படித் தோன்றும், 256 மட்டும் இருந்தால் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் திரைக்காட்சியை அனுப்பினார்கள்.

மைக்ரோசாப்ட் இணங்கியது. 2005 நவம்பர் 22 அன்று வெளியான பெட்டியில் 512 மெகாபைட் இருந்தது. எபிக் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த மார்க் ரெய்ன் இதைப் பின்னர் பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். முடிவெடுத்த அன்று மைக்ரோசாப்டிலிருந்து தங்களை அழைத்து, உங்களால் எங்களுக்கு 100 கோடி டாலர் செலவு என்று சொன்னார்களாம். ஒரு பெட்டிக்குக் கூடும் செலவு சிறியதுதான். பல ஆண்டுகளில் விற்கப்போகும் கோடிக்கணக்கான பெட்டிகளால் பெருக்கினால் தொகை அங்கே போய் நிற்கிறது.

வரலாற்றுப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கை. இது எபிக் நிறுவனத்தார் தம் வாயால் சொன்ன கதை. வெற்றி பெற்றவர் சொல்லும் கதையில் அவரே நடுநாயகமாக இருப்பார், கல்வெட்டுகளிலும் அப்படித்தான். மைக்ரோசாப்டுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். சோனியின் பிளேஸ்டேஷன் 3 வரப்போகிறது என்பது ஒன்று. (2006-இல் வந்த அந்தப் பெட்டியிலும் மொத்த நினைவகம் 512 மெகாபைட்தான், இரண்டு 256-ஆகப் பிரிந்து.) ஆயினும் ஒரு திரைக்காட்சி அந்த வாதத்தின் மையத்தில் இருந்தது என்பதை நான் நம்புகிறேன். கியர்ஸ் ஆஃப் வார் 2006 நவம்பரில் வெளிவந்து, அந்தப் பெட்டியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதில் மனங்கொள்ள வேண்டியது, எபிக் கேட்டது தன் ஒரு விளையாட்டுக்காக மட்டுமல்ல என்பதே. மேசை பெரிதானால் அன்ரியல் எஞ்சின் 3-ஐ உரிமம் பெற்ற அத்தனை பேருக்கும் வேலை எளிதாகும்; எஞ்சினும் நன்றாக விற்கும். தொண்டும் வணிகமும் கலந்த கோரிக்கை அது.

மேசையைப் பெரிதாக்கிய அதே மைக்ரோசாப்ட், அலமாரியில் கையைச் சுருக்கியது. வன்தட்டை எல்லாப் பெட்டிகளிலும் கட்டாயமாக்கவில்லை. 299 டாலர் பெட்டியில் அது இல்லை. 399 டாலர் பெட்டியில்தான் இருந்தது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பெட்டியின் மூளையாகிய ‘செனான்’ என்னும் செயலியை வடிவமைத்தது ஐபிஎம். செய்து கொடுத்தவர்களோ இருவர். ஒன்று ஐபிஎம், மற்றொன்று சிங்கப்பூரின் சார்ட்டர்ட் செமிகண்டக்டர் நிறுவனம். அதன் ஆலைகள் உட்லண்ட்ஸில்தான் இருந்தன! 2009-இல் அபுதாபி முதலீட்டாளர்கள் அந்நிறுவனத்தை வாங்கினர். பிறகு அது குளோபல்பவுண்டரீஸ் நிறுவனத்தோடு இணைந்தது. நம் ஊர்க்காரர்கள் நாள்தோறும் கடக்கும் அதே பாலத்தின் அக்கரையில், வட கரோலினாவில் எஞ்சின் எழுதியவர்களின் கனவைத் தாங்க வேண்டிய சில்லுகள் பிறந்தன.

இனிச் சற்று விரைவாகச் செல்கிறேன். பிளேஸ்டேஷன் 3 வேறு வழியில் சென்றது. அதன் ‘செல்’ செயலி பொறியாளர்களின் பெருமை; எழுதுபவர்களின் தலைவலி. வலிமை இருந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தத் தனிக்கலை தேவைப்பட்டது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட சோனி, அடுத்த பெட்டியின் தலைமை வடிவமைப்பாளராக மார்க் செர்னியை வைத்தது. அவரோ வன்பொருள் பொறியாளராக வளர்ந்தவர் அல்லர்; விளையாட்டுகளை எழுதி வளர்ந்தவர். நிறுவனம் நிறுவனமாகச் சென்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பிரிந்து கிடக்காத ஒரே நினைவகம் வேண்டும் என்பது முதன்மையான விடை. கேட்காமல் கொடுப்பதற்கும் கேட்டுக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

எபிக் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 2011 மார்ச் மாதம் ‘சமாரிட்டன்’ என்ற செயல்விளக்கப் படத்தை வெளியிட்டது. அதை ஓட்ட அன்றைய மிகச் சிறந்த கிராபிக்ஸ் அட்டைகள் மூன்று தேவைப்பட்டன. வீட்டுப் பெட்டியில் இதெல்லாம் ஓடாது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். பெட்டி செய்பவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு நொடிக்கு 2.5 டெராஃப்ளாப்ஸ் அளவு கணிப்பு வலிமை வேண்டும் என்று 2012-இல் சுவீனி கணக்கும் சொன்னார். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு இலட்சம் கோடிக் கணக்குகள். ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் 8 கிகாபைட் நினைவகம் கேட்டது.

விடை 2013-இல் வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் 8 கிகாபைட் நினைவகம். அதில் கேட்டது கிடைத்தது. வலிமையில் கிடைக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4-இன் அளவு 1.84 டெராஃப்ளாப்ஸ், எக்ஸ்பாக்ஸ் ஒன் 1.31 மட்டுமே. கருவிகளின் விலையும் வெப்பமும் குறுக்கே நின்றன. எனவே இம்முறை எஞ்சின்தான் வளைந்து கொடுத்தது! ஒளி ஒரு பொருளில் பட்டு மற்றொன்றின்மேல் தெறிப்பதை அந்தந்தக் கணமே கணக்கிடும் ஒரு முறையை அன்ரியல் எஞ்சின் 4-க்காக 2012-இல் பெருமையோடு காட்டியிருந்தார்கள். பெட்டிகளால் தாங்க முடியாது என்பதால் அதை நீக்கிவிட்டார்கள். கேட்டவர் எப்போதும் வெல்வதில்லை.

நீக்கப்பட்ட அந்தக் கனவு மீண்டது அடுத்த தலைமுறையில். செர்னி மறுபடியும் சென்று கேட்டபோது, எழுதுபவர்களின் முதல் கோரிக்கை விரைவான சேமிப்பகமாக இருந்தது. மேசை உவமையில் சொன்னால், அலமாரியிலிருந்து மேசைக்குப் புத்தகம் வரும் வேகம். பழைய பெட்டியின் சுழலும் வன்தட்டு நொடிக்கு 100 மெகாபைட் அளவில்தான் தந்தது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 5.5 கிகாபைட் தருகிறது. அதே ஆண்டு மே மாதத்தில் எபிக், அன்ரியல் எஞ்சின் 5-ஐ அந்தப் பெட்டியில் ஓட்டிக் காட்டியது. கோடிக்கணக்கான முக்கோணங்களால் ஆன பாறைகளைக் கையாளும் ‘நானைட்’, ஒளியைக் கணக்கிடும் ‘லூமன்’ என்ற இரண்டும் அதில் இருந்தன. ஜூலையில் சோனி 25 கோடி டாலரை எபிக் நிறுவனத்தில் முதலீடு செய்தது. பெட்டி செய்பவரும் எஞ்சின் எழுதுபவரும் இப்போது ஒரே பந்தியில்!

ஜப்பானிலும் இது நடந்திருக்கிறது. 2017-இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் கருவியின் நினைவகத்தைக் கூட்டும்படி, தங்கள் எஞ்சினை மனத்தில் வைத்துத் தாங்கள் கேட்டுக்கொண்டதாகக் காப்காம் நிறுவனத்தார் கூறியிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன்.

2022 ஏப்ரலில் அன்ரியல் எஞ்சின் 5 முழுமையாக வெளியிடப்பட்டது. நானைட்டும் லூமனும் 2013-ஆம் ஆண்டுத் தலைமுறைப் பெட்டிகளில் ஓடா. ஒரு விளையாட்டு இவற்றை நம்பியே கட்டப்பட்டால், அவர் தவணையில் வாங்கிய பெட்டி அதற்குப் பயன்படாது. அவர் வாங்கிய 2018-லேயே அந்தப் பெட்டியின் வயது ஐந்து. கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்; சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. சுருங்கச் சொன்னால், முடிவு மூன்று இடங்களில் எடுக்கப்பட்டது: எஞ்சின் எழுதியவர் கேட்டார், பெட்டி செய்தவர் இணங்கினார், விளையாட்டைக் கட்டியவர் பழைய பெட்டியைக் கைவிட்டார். தந்தையாரை யாரும் கேட்கவில்லை.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் எஞ்சின் எழுதியவர்மேல் முழுப் பழியையும் போட மனம் ஒப்பவில்லை. காரணம், அதே எபிக் நிறுவனத்தின் ‘போர்ட்நைட்’. 2022 டிசம்பரில் தொடங்கிய அதன் நான்காம் பாகத்தில், புதிய பெட்டி வைத்திருந்தவர்கள் நானைட்டையும் லூமனையும் கண்டார்கள். அதே நாளில், அதே விளையாட்டு, பிளேஸ்டேஷன் 4-இலும் சுவிட்சிலும் எளிய தோற்றத்தோடு ஓடியது. ஒரே எஞ்சின்தான்! பழைய பெட்டிக்காரரையும் விட்டுவிட மனமில்லை என்றால் வழி இருக்கிறது. போர்ட்நைட்டில் அவர்களுக்கு மனம் இருந்தது, ஏனெனில் அங்கே வருவாய் பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. மற்ற விளையாட்டுகளைக் கட்டுபவர்கள் கணக்குப் பார்த்து, இருமுறை உழைப்பது இலாபமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனவே ‘இந்தப் பெட்டியால் முடியாது’ என்ற சொற்றொடரைக் கேட்கும்போது, முடியாதா, செய்ய விரும்பவில்லையா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் ‘ஸ்கிராட்ச்’ கொண்டு சிறு விளையாட்டுகள் செய்கிறோம். சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் விளையாட்டு தட்டுத்தடுமாறி ஓடியது. “ஐயா, இந்தக் கணினி பழசு, புதுசு வேணும்” என்றாள். பின்னணிக்குக் கைப்பேசியில் எடுத்த பெரிய புகைப்படங்களை ஏழெட்டு சேர்த்து வைத்திருந்தாள். படங்களைச் சிறிதாக்கச் சொன்னேன். அரைமணி நேரம் முணுமுணுத்தபடியே செய்தாள். ஓடியது. அடுத்த வாரம் மீண்டும் வந்தாள். படம் மங்கலாகிவிட்டது, அவளுக்குப் பிடிக்கவில்லை. 256-க்கும் 512-க்கும் நடந்த சண்டை அப்படியே என் எதிரில்! அவள் பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. தலைமையாசிரியரிடம் நினைவக அட்டை ஒன்று வாங்கிப் பொருத்த அனுமதி கேட்டிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்.

தந்தையாரைச் சென்ற வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். மேற்சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். எபிக், சோனி எல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. உட்லண்ட்ஸ் என்றதும் மட்டும் நிமிர்ந்தார். “நம்ம வேலை செய்ற எடத்துக்குப் பக்கத்துலயா சார் செஞ்சாங்க?” என்று கேட்டுச் சிரித்தார். புதுப் பெட்டியைப் பற்றி ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன் முடிவு செய்வதாக மகனிடம் சொல்லியிருக்கிறாராம். அதுவரை பையன் பழைய பெட்டியில் போர்ட்நைட் விளையாடுகிறான், கணிதப் பயிற்சியை முடித்த பிறகு.